மேஸ்திரிக்கு முடி வெட்டிய மாமா

"முடிதானே, வளந்துடும்."

என் தாய்மாமா தம் தொழில் வாழ்வில் மிக அதிகமாகச் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். முதன்முதலாக நாற்காலியில் ஏறி அலறும் குழந்தைகளுக்கும், அந்தக் குழந்தைகளைவிடக் கூடுதலாகக் கலங்கி நிற்கும் அப்பாக்களுக்கும், ஆசைப்பட்டு ஒட்ட வெட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போகும் இளைஞர்களுக்கும் அவர் இதைச் சொல்லியிருக்கிறார். அதில் ஆறுதலும் இருந்தது. தொழில்முறைத் தற்காப்பும் இருந்தது. தையற்காரர் துணியைத் தவறாக வெட்டினால் துணி போயிற்று. தச்சர் பலகையைக் குறைத்து அறுத்தால் பலகை போயிற்று. செய்த தவறு தானாகவே மறைந்துவிடுகிற கைத்தொழில் தம்முடையது ஒன்றுதான் என்பதில் மாமாவுக்கு வெளியில் சொல்லிக்கொள்ளாத ஒரு பெருமை உண்டு.

அந்த வாக்கியத்தை அவரால் சொல்ல முடியாமல் போன ஓர் ஆண்டைப் பற்றி இங்கே எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கவே மாட்டேன் என்று மாமாவின் மனைவியான அத்தை சொல்லிவிட்டார்.

மாமா பிறவியிலேயே கத்தரியோடு வந்தவர் அல்லர். இளமையில் ஓர் அச்சகத்தின் புத்தகக் கட்டுப் பிரிவில் வேலை பார்த்தார். சாப்பாட்டு இடைவேளையில் காகிதம் நறுக்கும் கத்தரியை வைத்துக்கொண்டு சக தொழிலாளர்களுக்கு முடி வெட்டிவிடத் தொடங்கினார். சில மாதங்களில், புத்தகங்களின் ஓரத்தைவிடத் தலைகளின் ஓரத்தையே அவர் ஒழுங்காக வெட்டுகிறார் என்ற முடிவுக்கு முதலாளி வந்தார். "நீ தப்பான எடத்துல வேலை பாக்கற" என்று அவர் திட்டியதை மாமா யோசனையாக எடுத்துக்கொண்டார். ஒரு சலூனில் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு சொந்தக் கடை வைத்தார்.

அந்தக் கடையில் இரண்டு நாற்காலிகள். முதலாவது மாமாவுடையது. இரண்டாவதன் பின்னால் அவருடைய கூட்டாளி நிற்பார். அவரை எல்லாரும் 'ரெண்டாம் நாற்காலி' என்றே அழைப்பார்கள். தம் திருமண அழைப்பிதழில் அதை அச்சிடாததுதான் குறை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சுவரோரம் காத்திருப்போருக்கு ஒரு நீண்ட பெஞ்சு. கண்ணாடிக்குக் கீழே நீர் தெளிக்கும் புட்டிகள், சீப்புகள், முடிவெட்டும் மெஷினில் மாட்டுகிற சிறியதும் பெரியதுமான பல் அடுக்குகள். கடைக்குள்ளிருந்தே மாடிப்படி ஏறினால் வீடு. அத்தை இரண்டு தெரு தள்ளி இருக்கும் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

இந்த வீட்டுக்கு நாய் வந்தது முகச் சவரத்தின் நடுவில். வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போகவிருந்த ஒரு பழைய வாடிக்கையாளர், முகம் முழுக்க நுரையோடு, பேச்சை மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. தாடையை மட்டும் ஆட்டாதீங்க."

"எங்க நாயை நீங்க வெச்சுக்கறீங்களா? அங்க கூட்டிட்டுப் போக முடியாது. உங்க வீட்ல இருந்தா எனக்கு நிம்மதி."

மாமாவின் கத்தி நின்றது. "கடிக்குமா?"

"சேச்சே."

"குரைக்குமா?"

"சத்தமே போடாது அண்ணே."

கழுத்தில் கத்தி இருக்கும்போது மனிதன் பொய் சொல்ல மாட்டான் என்பது அதுவரை மாமாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. நாய் வந்த முதல் நாளிலேயே அது தகர்ந்தது. தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது. தொலைபேசி மணிக்குக் குரைத்தது. ரெண்டாம் நாற்காலிக்காரர் தலை உலர்த்தும் கருவியைக் கையில் எடுத்தாலே குரைத்தது. "சத்தமே போடாதுன்னு சொன்னாரே, எந்த நாயைப் பத்திச் சொன்னாரு?" என்று அத்தை காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

ஷெல்டி என்று சொல்லப்படும் சிறிய இனம் அது. முழங்கால் உயரம்கூட இருக்காது. குளிர் மிகுந்த தீவுகளில் ஆட்டு மந்தைகளைச் சிதறாமல் ஓட்டிச் செல்வதற்காகவே வளர்க்கப்பட்ட வம்சம். நரியைப் போன்ற கூர்மையான முகம். கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி. முதுகிலிருந்து வயிறுவரை பழுப்பும் கறுப்புமாகத் தொங்கும் நீண்ட முடி. தெருவில் நடந்தால், ஒரு பெரிய வீட்டுக் கம்பளம் கால் முளைத்துப் போவது போல் இருக்கும்.

வீட்டில் ஆடு இல்லை என்பதை அது ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர்களை வைத்துச் சமாளித்துக்கொண்டது. அத்தை ஓர் அறையிலும் மகள் இன்னோர் அறையிலும் இருப்பதை அதனால் பொறுத்துக்கொள்ள முடியாது. முதலில் வாசலில் நின்று பார்க்கும். பிறகு சுற்றி வரும். அதற்கும் அசையாவிட்டால் குதிகாலை மூக்கால் இடிக்கும். எல்லாரும் கூடத்தில் வந்து உட்கார்ந்த பிறகே அதுவும் பெருமூச்சு விட்டுப் படுக்கும்.

"கட்டட வேலைல ஆளுங்கள எண்ணி எண்ணி நிறுத்தற மேஸ்திரி மாதிரியே இருக்கான்பா இவன்" என்றாள் மகள். பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய சொந்தக்காரர் வைத்திருந்த வெளிநாட்டுப் பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

கடையிலும் மேஸ்திரியின் ஆட்சி நடந்தது. பெஞ்சில் ஆளுக்கோர் ஓரமாக இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராக இடித்து ஒரே மூலைக்குத் தள்ளிவிடும். ஒருமுறை, வாடகைத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார நேர்ந்தது. அவர்கள் சமாதானமானார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. விசாரித்துப் பார்த்தேன், அது உண்மையல்ல. அடுத்த முறையிலிருந்து இருவரும் வேறு வேறு நாளில் வந்தார்கள், அவ்வளவுதான்.

நாய் வந்த மறு கோடையில் வெயில் வழக்கத்தைவிடக் கொடுமையாக இருந்தது. கடைக்கு வந்தவர்கள் அனைவரும் ஒரே கோரிக்கையோடு வந்தார்கள்: "அண்ணே, நல்லா ஒட்ட எடுத்துடுங்க. தாங்கல." மாமா காலை முதல் மாலைவரை தலைகளை இலேசாக்கிக்கொண்டே இருந்தார். எழுந்து போகும்போது ஒவ்வொருவரும் பிடரியைத் தடவி, "அப்பாடா, இப்பதான் உயிர் வந்துச்சு" என்று சொன்னார்கள். அந்த 'அப்பாடா'வுக்காகவே இந்தத் தொழிலில் இருப்பதாக மாமா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்ல வாயில்லாத ஒரு ஜீவன் மட்டும் நாற்காலிக்கு அடியில், தரைக் கல்லின் குளுமையில் கால்களைப் பரப்பி, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது.

மகள் கல்லூரிச் சுற்றுலாவுக்குப் போயிருந்தாள். அத்தை மருந்துக்கடையில் இருந்தார். மதியம் கடையில் கூட்டம் இல்லை. மாமா மேஸ்திரியைத் தூக்கி, குழந்தைகளை உட்காரவைப்பதற்காக நாற்காலிக் கைகளின் மேல் போடுகிற பலகையில் நிறுத்தினார்.

இந்த இடத்தில் சாட்சியங்கள் வேறுபடுகின்றன. தாம் தடுத்ததாக ரெண்டாம் நாற்காலிக்காரர் சொல்கிறார்: "அண்ணே, எதுக்கும் பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேன்னு சொன்னேன்." அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்றும், 'ரெண்டாம் நம்பர் போடுங்க அண்ணே, ஒண்ணு வேண்டாம்' என்றுதான் சொன்னார் என்றும் மாமா சொல்கிறார். இரண்டையும் இங்கே வைத்துவிடுகிறேன். இரண்டாம் நம்பர் பல் அடுக்குதான் போடப்பட்டது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

மேஸ்திரி அசையாமல் நின்றதாம். அவ்வளவு ஒத்துழைத்த வாடிக்கையாளர் தமக்கு அமைந்ததே இல்லை என்று மாமா சொல்கிறார். முகத்தையும் வால் நுனியையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்தார். பிடரிக்கும் முதுகுக்கும் நடுவே வெட்டுத் தெரியாதபடி மெல்ல மெல்ல இறக்கி, பக்கவாட்டில் சமமாக்கி, கடைசியில் வழக்கம்போல் பவுடர்த் தூரிகையால் துடைத்தும் விட்டார். தரையில் இரண்டு தலையணைக்குப் போதுமான முடி குவிந்து கிடந்தது. பலகையிலிருந்து இறங்கிய மேஸ்திரி உடம்பை ஒருமுறை உதறியது. உதறுவதற்கு ஒன்றும் இல்லாததால் தடுமாறிப் பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தது. பிறகு மாடிப்படி ஏறிப் போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

அத்தை வேலை முடிந்து வந்தபோது, மாமா பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

"இது என்னங்க?"

"வெயில் தாங்காம இழுத்துட்டுக் கெடந்தான். எடுத்துவிட்டேன். பாரு, எவ்வளவு லேசா இருக்கான்!"

அத்தை கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"ஆட்டுக்குத்தாங்க முடி வெட்டுவாங்க. ஆடு மேய்க்கற நாய்க்கு வெட்டினது இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க."

"முடிதானே—"

"முடிக்காதீங்க. புள்ள வந்து கேப்பா, அவகிட்ட சொல்லுங்க."

சுற்றுலாவிலிருந்து திரும்பிய மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று மாமா நினைத்திருக்கிறார். பையைக்கூடக் கீழே வைக்காமல் நாயைப் பார்த்தாள். "அப்பா, இவனுக்கு ரெண்டு அடுக்கு முடிப்பா. மேல இருக்கறத வெட்டவே கூடாது" என்று மட்டும் சொன்னாள். பழைய சொந்தக்காரருக்கு மாதம் ஒருமுறை புகைப்படம் அனுப்புவது அவள் வழக்கம். அந்த மாதம் முகத்தை மட்டும், மிக நெருக்கமாக எடுத்து அனுப்பினாள். 'கண் எவ்வளவு அழகு!' என்று அவர் பதில் எழுதினார்.

மறுநாள் முதுகுத் தோல் சிவந்திருந்தது. மொட்டை மாடியில் சற்று நேரம் வெயிலில் நின்றதன் விளைவு. மூவருமாக நாய் மருத்துவரிடம் போனார்கள். நடுவயதுப் பெண்மணி, கண்டிப்பானவர். நாயைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யார் இவ்வளவு சுத்தமா வெட்டினது?" என்றார். மாமா கையைத் தூக்கினார். வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப் போல இருந்தார் என்பது அத்தையின் வர்ணனை.

"வெயிலுக்குக் கம்பளியக் கழட்டிவிட்டா சுகமா இருக்கும்னு நெனச்சீங்க, இல்ல? அடியில இருக்கறது கம்பளி. அது கோடைல தானா உதிரும். சீவி எடுத்தாப் போதும். மேல இருக்கற நீள முடி குடை. நீங்க குடையையும் சேர்த்துப் புடுங்கிட்டீங்க."

"வளந்துடும் இல்லியா டாக்டர்?"

தம் வாழ்நாளில் அந்த வாக்கியத்தை மாமா கேள்வியாகக் கேட்டது அதுதான் முதல் முறை.

"வளரலாம். சில நாய்க்கு முழுசா வரும். சிலதுக்குத் திட்டுத் திட்டா வரும். ஒண்ணு ரெண்டுக்கு முதுகுல வராமயே நின்னு போறதும் உண்டு. அடுத்த கோடை வரைக்கும் பொறுத்துப் பாக்கணும். இப்பவே என்னால உறுதி சொல்ல முடியாது."

திரும்பும் வழியில்தான் மாமாவுக்குள் பயம் இறங்கியது. மகளின் கோபம் ஆறிவிடும், அத்தையின் கிண்டல் எப்போதும் இருப்பதுதான் என்று அவருக்குத் தெரியும். தம் கையால் செய்த ஒன்று திரும்பிச் சரியாகாமல் ஓர் உயிரின் மேல் அப்படியே நின்றுவிடுமோ என்பதுதான் பயம். அத்தகைய தவறை அவருடைய தொழில் அதுவரை அவருக்குக் காட்டியதில்லை.

சலூன் வாடிக்கையாளர்களுக்குப் போர்த்துகிற துணியில் ஒன்றைக் கிழித்து, அத்தை மேஸ்திரிக்குச் சட்டை தைத்தார். நீலக் கோடுகள் போட்ட சட்டை. அதைப் போட்டுக்கொண்டு அது வெளியே நடந்தபோது, பாதி சவரத்தில் எழுந்து ஓடி வந்த வாடிக்கையாளரைப் போல இருந்தது. தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டது. மகள் ஓர் அறையில், அத்தை ஓர் அறையில், மாமா கடையில் என்று குடும்பம் சிதறிக் கிடந்தாலும், கட்டிலுக்கு அடியில் முன்னங்கால்களின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. நிம்மதியாக அறையில் படிக்க வேண்டும் என்று முன்பெல்லாம் கதவைச் சாத்திக்கொண்ட மகள், இப்போது கதவைத் திறந்தே வைத்தாள். யாரும் வந்து இடிக்கவில்லை.

கடையிலும் மாற்றம் தெரிந்தது. மாமா ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று, "இவ்வளவு போதுமா சார்? இன்னும் எடுக்கட்டுமா?" என்று கேட்கத் தொடங்கினார். முன்பெல்லாம் அவர் கேட்டதே இல்லை. முடியையும் வழக்கத்தைவிட நீளமாகவே விட்டார். ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்த ஒருவர், "அண்ணே, போன தடவை வெட்டினீங்களா, சீவிவிட்டீங்களா?" என்று கேட்டார். "அண்ணனுக்கு இப்ப விரதம்" என்று ரெண்டாம் நாற்காலிக்காரர் பதில் சொன்னார்.

யாரோ ஒரு வாடிக்கையாளர் வழுக்கைக்குத் தடவும் திரவம் ஒன்றைப் பரிந்துரைத்தார். மாமா நேராக மருந்துக்கடைக்குப் போய் அத்தையின் முன்னாலேயே நின்றார்.

"யாருக்கு?" என்றார் அத்தை.

"எனக்குத்தான்."

"உங்க தலைல காடு மாதிரி மண்டிக் கெடக்கு. யாருக்குங்க?"

மாமா கூரையைப் பார்த்தார்.

"மனுஷனுக்கே அது வேலை செய்யுதான்னு சந்தேகம். நாய் நக்கினா உசுருக்கே ஆபத்து. முடியத்தான் எடுத்தீங்க, உசுரையும் எடுக்கப் போறீங்களா? போங்க, வரிசைல ஆள் நிக்குது."

மழையும் குளிரும் தொடங்கியபோது அடிமுடி முளைத்தது. பஞ்சு போன்ற, நிறம் மங்கிய மென்முடி. விலாவிலும் கழுத்திலும் அதனூடே நீள முடியும் எட்டிப் பார்த்தது. ஒரு நாள் காலையில் அத்தை சமையலறையிலிருந்து கூவினார். எல்லாரும் பதறி ஓடினார்கள். அவர் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார், முகமெல்லாம் சிரிப்பு. "இடிச்சிட்டான்! மேஸ்திரி வேலைக்கு வந்துட்டான்!" ஒரே இடத்தில் கூடி நின்ற மூவரையும் மேஸ்திரி ஒருமுறை சுற்றி வந்து திருப்தியோடு உட்கார்ந்தது. வீட்டின் பாதி பாரம் அன்றே இறங்கிவிட்டது என்று மகள் சொல்கிறாள். மறு பாதி முதுகில் இருந்தது.

முதுகெலும்பை ஒட்டி, இடுப்பிலிருந்து வாலடி வரை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை வெறுமையாகவே நின்றது. தோல் கறுத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் தெரியவில்லை. மாமா மறுபடியும் மருத்துவரிடம் போனபோது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பின்னாடி ரொம்பப் போயிடுச்சா டாக்டர்?"

"இல்ல இல்ல, லேசாதான்" என்றார் மருத்துவர்.

மாமாவுக்குக் குளிரெடுத்தது. ஏனென்றால் அந்த 'லேசாதான்' எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். தலையின் பின்புறத்தைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத ஆண்கள், கைக்கண்ணாடியைத் தவிர்த்துவிட்டு, அதே கேள்வியை அதே தயக்கத்தோடு அவரிடம் கேட்பார்கள். நடுமண்டை நிலா போலப் பளபளத்தாலும் அவர் சொல்லும் பதில் அதுதான். ஆண்டுக்கணக்கில் தாம் கொடுத்துவந்த ஆறுதலைத் தாமே வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மகள்.

"லேசாதானாம்."

அவளுக்கும் புரிந்துவிட்டது. சற்று நேரம் மேஸ்திரியின் காதை நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"தெரியலம்மா."

"ஒண்ணும் பண்ண மாட்டோம். வெயில்ல போனா சட்டை போட்டுவிடுவோம். அவனுக்கு ஒரு குறையும் இல்ல. நீங்கதான் தினமும் அவன் முதுகப் பாத்துப் பாத்து எளைச்சுப் போறீங்க."

"நீ கோவமா இருக்கியோன்னு…"

"இருந்தேன். இப்ப உங்களப் பாத்தா பாவமா இருக்கு. அது இன்னும் மோசம்" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். மாமாவும் சிரிக்க முயன்றார்.

மகள் மன்னித்துவிட்டாள் என்பது தெளிவு. ஆனால் மாமா தம்மை இன்னும் மன்னிக்கவில்லை; அதற்கு அந்தப் பட்டை நிரம்ப வேண்டியிருந்தது.

கோடை மறுபடியும் நெருங்கியது. மேஸ்திரிக்கு அடிமுடி உதிரும் பருவம். இம்முறை மாமா மெஷினைத் தொடவில்லை. அகன்ற பற்கள் கொண்ட சீப்பை எடுத்து, காலை வெளிச்சம் விழும் கடை வாசலில் பெஞ்சை இழுத்துப் போட்டார்; வெள்ளைப் போர்வைத் துணியை விரித்தார்; நாயை அதன் மேல் படுக்கவைத்துப் பொறுமையாகச் சீவினார். வெற்றுப் பட்டையின் மேல் சீப்பு ஓடக் கூடாது என்பதற்காக அதை இடது கையால் மூடிக்கொண்டார். கையை எடுக்கும்போது விரல் நுனியில் ஏதோ உறுத்தியது.

முடியின் போக்குக்கு எதிராக மெல்லத் தடவினார். முந்தின நாள் சவரம் செய்த கன்னத்தைத் தடவினால் தட்டுப்படுமே, அத்தகைய சொரசொரப்பு. ஆனால் ஆறுதல் கொள்ள அவர் அவசரப்படவில்லை. வெட்டுப்பட்ட பழைய முடியின் அடிக்கட்டையும் அப்படித்தான் உறுத்தும். கடைக்குள் போய், காது ஓர முடியைப் பார்ப்பதற்காக வைத்திருந்த உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்து வந்தார். போர்வையின் ஓரத்தை மடித்துத் தோலோடு ஒட்டிப் பிடித்து, வெள்ளைத் துணியின் பின்னணியில் ஒவ்வொரு முடியாகப் பார்த்தார்.

கத்தரி பட்ட முடியின் நுனி தட்டையாக இருக்கும், மொட்டையாக முடியும். எந்தக் கத்தரியும் காணாமல் வேரிலிருந்து புதிதாக வந்த முடியின் நுனி மட்டுமே ஊசிபோல் மெலிந்து முடியும். பச்சைக் குழந்தையின் முதல் முடியில் அவர் எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறார். இப்போது கண்ணாடியின் கீழே பழுப்பும் கறுப்புமாக நின்ற முடிகள் எல்லாம் ஊசி நுனிகள்.

"டேய், இங்க வாடா!" என்றார். ரெண்டாம் நாற்காலிக்காரர் பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அந்தப் பாதித் தலைக்குச் சொந்தக்காரரும் போர்வையோடு எழுந்து பின்னால் வந்தார்.

"பாரு. நுனியப் பாரு."

அவர் நெடுநேரம் பார்த்தார். அவரும் முடிதிருத்துபவர்தான், விளக்கத் தேவையில்லை. "அண்ணே" என்றார். மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன அண்ணே, எனக்கும் சொல்லுங்க" என்றார் பாதித் தலைக்காரர்.

"புது முடி சார். வெட்டினது இல்ல, புதுசா மொளச்சது!"

"அப்ப என் தலைல அந்த மாதிரி ஏதாவது இருக்கான்னு அப்படியே பாத்துடுங்களேன்."

அன்று மாலையே மருத்துவரிடம் போனார்கள். அவர் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பட்டையை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். உதவியாளரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, முதன்முதலாகச் சிரித்தார்.

"நீள முடியே வந்துடுச்சு. பட்டை பூராவும் வந்திருக்கு. எல்லாம் சமமாக இன்னும் கொஞ்ச நாளாகும், அவ்வளவுதான். இதுக்காக இனிமே என்கிட்ட வராதீங்க. தடுப்பூசிக்கு மட்டும் வந்தாப் போதும்."

"நிஜமாவா டாக்டர்? லேசா இல்லையே?"

"லேசாவும் இல்ல, பலமாவும் இல்ல. கெளம்புங்க."

வீட்டில் அத்தை விஷயத்தைக் கேட்டுவிட்டு நாயின் முதுகைத் தடவிப் பார்த்தார். "நாய் பொழச்சுது. நீங்களும் பொழச்சீங்க" என்றார். பிறகு, மாமாவைப் பார்க்காமலே, "சாப்பிட வாங்க. ஒழுங்கா ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்றார். மகள் மேஸ்திரியைப் பக்கவாட்டில் நிறுத்தி, தலை முதல் வால் வரை முழு உருவமும் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பினாள். பதில் உடனே வந்தது: 'கொஞ்சம் இளைத்துவிட்டானோ?' அவள் அதைப் படித்துக் காட்டியபோது மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் மதியம் நான் கடைக்குப் போனேன். மாமா முதல் நாற்காலியில், வாடிக்கையாளர்கள் சாய்கிற இடத்தில், தலையைப் பின்னால் சாய்த்து, வாயைச் சற்றே திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் மடியில் மலர்ந்து கிடந்தன. பெஞ்சில் ஒருவர் காத்திருந்தார். ரெண்டாம் நாற்காலிக்காரர் அவரிடம் குரலைத் தாழ்த்தி, "வாங்க சார், நான் வெட்டிவிடறேன். இல்லைன்னா அவர எழுப்பறேன்" என்றார்.

"எழுப்பாதீங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் செய்தித்தாளைச் சத்தமில்லாமல் மடித்து அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.